காத்துப் பூந்த வழி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து யாருக்கும் ஒழுங்காக விளங்காது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். பிழைகளைத் திருத்தித் தருவதாக மகள் சொல்லியிருக்கிறாள். ஒரு சொல்லை மட்டும் தொடாதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். காத்து. அதைக் காற்று என்று அவள் திருத்தினால் நடந்தது எதுவுமே நடந்திருக்காது.

நான் எழுதப் போகிற மனிதரின் பெயரைப் போடவில்லை. எங்கேயாவது இருந்து இதைப் பார்த்துவிட்டால், “இவன் ஏன் என்னைப் பத்தி எழுதினான், எழுதச் சொன்னது யாரு?” என்றுதான் முதலில் கேட்பார். நாங்கள் எல்லோரும் அவரை பாஸ் என்று கூப்பிட்டோம். எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர், மேசை செய்கிறவர், கார் பழுது பார்க்கிறவர் எல்லோரும் பாஸ்தான்.

புளத்கொகுபிட்டிய டவுனுக்குப் போகிற பாதையில், ரப்பர் மலை முடிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட அவருடைய கராஜ் இருந்தது. பழைய டீசல் வண்டிகளை மட்டும்தான் பார்ப்பார். புதுக் கார் வந்தால் கையைக் காட்டி அனுப்பிவிடுவார்.

“அதுக்குள்ள கம்பியூட்டர் இருக்கு. அது சொல்றதத்தான் நம்ம கேக்கணும். அது யார் சொல்லிக் குடுத்துப் பேசுதோ, யாருக்குத் தெரியும்?”

கையாள் வைத்துக்கொண்டதில்லை. சாவிகள் போட்ட பெட்டிக்குப் பூட்டு, பூட்டுப் போட்ட பெட்டி இருக்கிற அறைக்கு இன்னொரு பூட்டு. வேலை செய்யும்போதும் ரோட்டைப் பார்த்தபடி இருக்கிற மாதிரித்தான் காரை உள்ளே எடுக்கச் சொல்வார். தேத்தண்ணி வீட்டிலிருந்து போத்தலில் கொண்டு வருவார். பக்கத்துக் கடைக்காரர் எத்தனை முறை கூப்பிட்டும் ஒரு மிடறு குடித்தவரில்லை. கைப்பேசி இலக்கத்தை அடிக்கடி மாற்றுவார். மாற்றினதை யாருக்கும் சொல்ல மாட்டார்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் மரத்துக்குக் கீழே வளர்ந்தவர். ஆனாலும் அவர் அதிகமாகச் சந்தேகப்பட்டது ரப்பரைத்தான். எந்தக் கார் வந்தாலும் முதலில் ஒவ்வொரு ஹோஸையும் விரலால் அழுத்தி, வளைத்து, மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்.

“ரப்பர நம்பாத தம்பி.”

“அதுலதான நம்ம பொழப்பே ஓடுது பாஸ்.”

“அதான் சொல்றேன். கூடவே இருந்து பார்த்தவன் சொல்றேன், கேட்டுக்க.”

டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் ஒருவர் கேனில் டீசல் கொண்டு வந்து கார் உதறுகிறது என்றார். பாஸ் அதில் கொஞ்சத்தைச் சின்னப் போத்தலில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். விரலில் தேய்த்தார். முகர்ந்தார்.

“மண்ணெண்ணெய் கலந்திருக்கு.”

“ஐயோ பாஸ், எம்புள்ள மேல சத்தியமா நல்ல டீசல்.”

“புள்ள மேல சத்தியம் பண்ற அளவுக்கு வந்துட்டியா? அப்ப பாதிக்குப் பாதி.”

அந்த ஆள் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். பாஸ் சொன்னது சரிதான். ஆனால் எப்போதும் சரியாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை அவருடைய ஒரு ஸ்பானர் காணாமல் போய், பக்கத்துக் கடைக்காரரோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அது அவர் உட்காருகிற பலகைக்கு அடியிலேயே கிடந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டு, “என்ன பாஸ், கெடச்சிருச்சாமே?” என்று கேட்டார்.

“ஆமா. கொண்டாந்து போட்டுட்டாங்க,” என்றார் பாஸ்.

எனக்கு அவரிடம் போவதென்றால் பயம். நான் பேசக் கூச்சப்படுகிறவன். யாராவது நேராகப் பார்த்துக் கேள்வி கேட்டால் என் கண் தரைக்குப் போய்விடும். தரையைப் பார்க்கிறவன் பொய் சொல்கிறான் என்பது பாஸின் கணக்கு. அதனால் நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவருக்கு என் மேல் சந்தேகம் கூடிக்கொண்டே போகும்.

என்னிடம் இருந்தது ஒரு பழைய டீசல் கார். தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் ஓய்வு பெற்றபோது விற்றுவிட்டுப் போனது. எங்கள் டிவிஷனில் வேறு கார் கிடையாது. யாருக்காவது சுகமில்லை என்றால் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோவேன். கல்யாணம், சாமான் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் அதுதான். என் மனைவி மலையில் ரப்பர் பால் வெட்டுகிறவள்.

டீசல் வரிசைகள் முடிந்த கொஞ்ச நாளில் காருக்கு ஒரு வியாதி வந்தது. ஓடும்போது ஒன்றும் இல்லை. நிறுத்திக் காலை எடுத்தால் எஞ்சின் தானாக ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், மேட்டில் மூச்சு வாங்குகிற ஆள் மாதிரி. பிறகு ஒரு உதறு உதறி நின்றுவிடும். காலை எடுத்தாலும் ஓட வேண்டிய அந்த ஐட்லிங் சீராகப் பிடிக்கவே இல்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணவும் நேரம் எடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிற வழியில் பாஸிடம் காட்டினேன். மனைவியும் கூட இருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பாஸ் எனக்கு வாசல் பலா மரத்தைக் காட்டி, “நீ அங்க போய் நில்லு,” என்றார். அது அவருடைய வழக்கம். ஓட்டுகிறவன் சொல்வதைக் கேட்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரிடம் தனியாக விசாரிப்பார்.

“தங்கச்சி, நீங்க சொல்லுங்க. எங்க வச்சு உதறுது?”

“மையானத்து வளைவுலங்கண்ணே.”

“வேற எங்கயும் இல்லியா?”

“வேற எடத்துல லேசாங்க. அங்க வந்தா மட்டும் மேலெல்லாம் தூக்கிப் போடுற மாதிரி உதறி அப்படியே நின்னு போயிருது.”

“தெனமுமா?”

“செவ்வா, வெள்ளியில கொஞ்சம் கூட.”

மரத்தடியில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. மயானத்து வளைவில் ஒரு ஒடுக்கமான பாலம் இருக்கிறது. பஸ் வந்தால் நாம் நிறுத்தி வழி விட வேண்டும். நிறுத்தினால் எஞ்சின் நிற்கும். செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் கிளினிக், அதனால் அந்தப் பக்கம் அதிகம் போவேன். இவ்வளவுதான் விஷயம். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

பாஸ் பொனட்டைத் திறந்தார். ஐட்லிங் கூட்டிக் குறைக்கிற சின்ன ஸ்க்ரூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இத திருகினது யாரு?”

“நான் தொடல பாஸ். முன்ன வச்சிருந்தவரா இருக்கும்.” நான் தரையைப் பார்த்தேன்.

“நீதான்,” என்றார்.

பிறகு மேசன் பாஸ்மார் சுவருக்கு மட்டம் பார்க்கிற, உள்ளே போவது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டை எடுத்து வந்து, டீசல் போகிற வழியில் நடுவே செருகினார். எஞ்சினை ஓட விட்டு என் மனைவியைக் கூப்பிட்டார்.

“வாங்க தங்கச்சி. நீங்களே கண்ணால பாருங்க. பொறகு பாஸ் ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது. முட்ட முட்டயா குமிழி போகுது பாருங்க.”

“என்னதுங்கண்ணே அது?”

“காத்து.”

“காத்தா?”

“காத்துதான். உள்ள பூந்திருக்கு.”

அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். டீசல் குழாய்க்குள் காத்து புகுந்தால் எஞ்சின் இப்படித்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். எங்கள் லயத்து வீடுகளில் இருக்கிற பெண்களுக்குக் காத்து என்றால் வேறு. அந்தி நேரத்தில் தனியாகப் போகிறவர்களைப் பிடிப்பது, பச்சைப் புள்ளைக்காரியைத் தொட்டால் காய்ச்சலில் படுக்க வைப்பது. இந்த வித்தியாசம் அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவில்லை.

“எடுத்துரலாமாண்ணே?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“எடுக்கிறது பெரிய வேலை இல்ல. இந்தா இப்பவே எடுத்து விட்ருவேன். ஆனா பூந்த வழிய அடைக்கணும். அடைக்காட்டி மறுபடி மறுபடி வரும்.”

“எந்த வழியா பூந்துச்சு?”

ஃபில்டருக்குப் பின்னால், கீழே இருந்த ஹோஸைப் பிடித்துக் காட்டினார். “இதான் வழி. நல்லாப் பாத்துக்கங்க.”

அவள் நல்லாப் பார்த்துக்கொண்டாள்.

பழைய ஹோஸைக் கழற்றிவிட்டுப் புது ஹோஸ் போட்டார். ஃபில்டர் மேலே இருக்கிற கைப்பம்பை அழுத்தி அழுத்திக் காத்தை வெளியே எடுத்தார். எஞ்சின் ஒரே சீராக நின்று ஓடியது. சந்தைக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பினோம். மயானத்து வளைவு வந்தபோது மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். சந்தையில் அலைந்த களைப்பு என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் மகள் முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகனுக்குக் கொழும்பில் கடை வேலை. மகளுக்குப் பிரஷர் இருந்தது. வலி வந்தாலோ, தலை சுற்றினாலோ, கண் மங்கினாலோ நேரம் கடத்தாமல் கொண்டு வரச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். நான் காரைத் தினமும் கழுவித் துடைத்து, லயத்துக்கு முன்னால் தயாராக வைத்திருந்தேன்.

ஞாயிறு ஞாயிறாகச் சில கிழமை போனது. உதறல் மறுபடியும் வந்தது. முந்தினதைவிட மோசமாக.

டவுன் சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிற என் கூட்டாளியிடம் சொன்னேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

“ஒனக்கு இன்னும் வெளங்கலியா மச்சான்? ஒன்ன இறுக்கிட்டு இன்னொன்ன தளத்தி விடுவாங்க. நீ மறுபடி போகணும்ல?”

“அவரு அப்படி ஆள் இல்லடா.”

“அவரு ஏன் ஒருத்தனையும் நம்ப மாட்டேங்கிறாரு? தன் மனசு எப்படியோ அப்படித்தான மத்தவனும் இருப்பான்னு நெனப்பான் மனுசன்.”

அந்தப் பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. காரை விட்டுவிட்டு பாஸையே யோசிக்க ஆரம்பித்தேன். ஏன் என்னைப் பலா மரத்தடிக்கு அனுப்பினார்? எனக்குத் தெரியாமல் என்ன செய்தார்? கழற்றின பழைய ஹோஸை ஏன் என் கையில் தரவில்லை?

இரண்டாவது முறை போனபோது தனியாகப் போனேன்.

“மறுபடியுமா? கார் மூஞ்சிய மேட்டப் பார்த்து நிறுத்துனியா, பள்ளத்தப் பார்த்தா?”

“மேட்டப் பார்த்து பாஸ்.”

“காலையில ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்குதா?”

“எடுக்குது.”

“அப்ப காத்துதான். ஆனா நான் புது ஹோஸுல்ல போட்டேன்? வேற எவன் கையாவது பட்டுச்சா?”

“இல்ல பாஸ்.” தரையைப் பார்த்தேன்.

குனிந்து, ஃபில்டருக்குப் பின்னால் கையை விட்டார். கை அங்கேயே நின்றது. கைப்பேசி வெளிச்சத்தைப் போட்டு உள்ளே பார்த்தார். பிறகு பாம்புப் புற்றிலிருந்து எடுக்கிற மாதிரி மெதுவாகக் கையை எடுத்தார். துணியில் துடைத்தார். துணியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் எறிந்தார். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி வந்து பொனட்டைச் சாத்தினார்.

“எடுத்துட்டுப் போ.”

“என்ன பாஸ்? என்ன கோளாறு?”

“ஒனக்குத் தெரியும்.”

“எனக்கு என்ன பாஸ் தெரியும்? மகளுக்கு மாசம் நெறஞ்சிருச்சு, இந்த நேரத்துல…”

“வேற பாஸ்கிட்ட போ. நான் இந்தக் காரத் தொட மாட்டேன்.”

அதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை. எனக்கு அது வராது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“மாட்டிக்குவோம்னு பயந்துட்டான்,” என்றான் த்ரீவீல் கூட்டாளி. எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு நாள் கழித்து கராஜைக் கடந்தபோது வாசலில் எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவி வைத்திருந்ததைப் பார்த்தேன். தப்புச் செய்யாதவன் எதற்குக் கழிப்புக் கழிக்கிறான் என்று நினைத்தேன். அவரும் என்னைப் பார்த்தார். உடனே உள்ளே போய்விட்டார்.

வேறு ஒரு பாஸிடம் காட்டினேன். அவர் பம்பையே கழற்ற வேண்டும், கார் இரண்டு கிழமை நிற்க வேண்டும் என்றார். மகள் இருக்கிற நிலைமையில் அது நடக்காது. ஆகவே ஐட்லிங் ஸ்க்ரூவை நானே திருகிக் கூட்டி வைத்தேன். உதறல் கொஞ்சம் மறைந்தது. நிறுத்துகிற இடத்தில் எல்லாம் ஒரு காலை எக்சிலேட்டரிலேயே வைத்துச் சமாளித்தேன்.

மகளுக்கு வலி வந்தது ஒரு மத்தியானம். மழை பிடித்திருந்தது. மனைவி மலையிலிருந்து ஓடி வந்து சேலையை மாற்றக்கூட நிற்கவில்லை. மகளைப் பின்சீட்டில் சாய்த்து, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தலை வலிக்கிறது, கண்ணுக்குள் வெளிச்சம் வெளிச்சமாகப் போகிறது என்று மகள் சொன்னாள். டொக்டர் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது, உடனே காரை எடுத்தேன்.

மயானத்து வளைவில், பாலத்துக்கு அந்தப் பக்கம், டவுனிலிருந்து ஏறி வருகிற பஸ் ஹோர்ன் அடித்தது. நான் அதற்குள் பாலத்தின் வாயில் காரின் மூக்கை நுழைத்திருந்தேன். பிரேக் பிடித்தேன். எஞ்சின் ஏறியது, இறங்கியது, உதறியது, நின்றது.

மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். பிடித்தது, நின்றது. இறங்கிப் போய்க் கைப்பம்பை அழுத்தினேன். பிடித்தது, நின்றது. பஸ்ஸுக்கு என்னைத் தாண்ட வழியில்லை. அந்த ரோட்டில் திருப்பவும் முடியாது. அந்த வளைவில் கைப்பேசிக்கு டவர் கிடையாது. கண்டக்டர் தலையை நீட்டி, “கார் எக்க அயின் கரன்ன!” என்று காரை எடுக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான். உள்ளே மகள் அம்மா என்று முனகினாள்.

பஸ்ஸின் முன்வாசலால் குடையோடு ஒருவர் இறங்கினார். பாஸ்.

பாலத்தில் பாதி தூரம் வந்தவர் என் காரைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“பாஸ், மகளுக்கு வலி,” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

“நான் தொட மாட்டேன்.”

“ஏன் பாஸ்? நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?”

“என்ன செஞ்சியா? நான் கைய விடுற எடம் பார்த்துத் தகடு எழுதிக் கட்டுனது நீதான? எனக்குச் செய்வின ஹூனியம் வச்சிட்டு என்கிட்டயே கேக்கிறியா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தகடா? பின்கதவு திறந்தது. மனைவி மழையில் இறங்கினாள்.

“அண்ணே, நான்தான் கட்டுனேன்.”

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

“நீங்கதான சொன்னீங்க, காத்துப் பூந்திருக்குன்னு? பூந்த வழிய அடைக்காட்டி மறுபடி வரும்னு நீங்கதான சொன்னீங்க? வழியையும் காட்டுனீங்களே! மேல் டிவிஷன் பூசாரிகிட்ட போய் எழுதி வாங்கி, அந்த வழியிலயே கட்டுனேன். புருசன்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பூசாரி சொன்னாரு. வயித்துப்புள்ளக்காரிய இந்தக் கார்லதானண்ணே கொண்டுபோகணும்!”

பஸ் மறுபடி ஹோர்ன் அடித்தது. பாஸ் திரும்பாமலே, “பொட்டக் இன்ன மல்லி,” என்று பொறுக்கச் சொன்னார்.

“காத்துன்னா… வெறும் காத்து தங்கச்சி. மூக்குல இழுக்கிற காத்து.”

“அத அன்னைக்கே அப்படிச் சொல்றதுக்கு என்னங்கண்ணே?”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். பாஸ் சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

“நல்லதுக்குத்தான் கட்டுனீங்க?”

“சத்தியமா நல்லதுக்குங்கண்ணே.”

“சத்தியம் வேணாம். நீங்களே அவுருங்க.”

அவள் கையை விட்டுத் தடவி அதை அவிழ்த்தாள். ரப்பர் பால் வடிகிற சிரட்டையை மரத்தோடு சேர்த்துக் கட்டுகிற கம்பியால் கட்டியிருந்தாள். தினமும் ரப்பர் மரத்தில் கம்பி முறுக்கிப் பழகின கை. இங்கேயும் அதே இறுக்கு. கறுத்துப் போன சின்னச் செப்புத் தகடு வெளியே வந்தது.

“நல்லதுன்னா மக கையில குடுங்க,” என்றார் பாஸ்.

அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கதவுக்குள் குனிந்து மகளின் உள்ளங்கையில் அதை வைத்து விரல்களை மடித்தாள். பாஸ் அதையே கவனித்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் குடையை என்னிடம் தந்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

ஹோஸை இழுத்து எனக்குக் காட்டினார். கம்பியின் முறுக்கு முனை, எஞ்சின் அதிரும்போதெல்லாம் உரசி உரசி ரப்பரில் ஒரு பிளவைப் போட்டிருந்தது. மயிரளவு.

“இது டீசல உறிஞ்சுற பக்கம். வெளிய ஒரு சொட்டு ஒழுகாது. உள்ள காத்த மட்டும் இழுக்கும். வந்த தடமே தெரியாது.” பையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டே, “ரப்பர நம்பாதன்னு எத்தன தடவ சொன்னேன்?” என்றார்.

பிளந்த துண்டை வெட்டி எறிந்து, மிச்ச ஹோஸை இழுத்து மாட்டினார். கைப்பம்பை அழுத்தி நுரை நிற்கும்வரை காத்தை எடுத்தார். ஸ்க்ரூவைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

“இப்ப திருகினது நீதான?”

“ஆமா பாஸ்.”

“அன்னைக்கே சொன்னேன்.” ஒரு வழக்கில் ஜெயித்தவர் மாதிரி அதைப் பழைய இடத்துக்குத் திருகினார்.

எஞ்சின் பிடித்தது. நான் காரைப் பின்னால் எடுத்து பஸ்ஸுக்கு வழி விட்டேன். பாஸ் பஸ்ஸில் திரும்ப ஏறவில்லை. என் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டார். எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தவர், பாதி வழியில் பின்னால் திரும்பினார்.

“மகளே, நீ சொல்லும்மா. ஒங்கம்மா இந்தத் தகடு கட்டுனது ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“ஐயோ மாமா, கொஞ்சம் சும்மா வாங்க!” என்று மகள் வலியோடு கத்தினாள்.

“தெரியல போல,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு முன்னால் திரும்பினார்.

ஆஸ்பத்திரி வாசலில் மகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மனைவி கூடவே ஓடினாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். வலது கால் எக்சிலேட்டரில் மரத்துப் போயிருந்தது.

“கால எடு,” என்றார் பாஸ்.

பயந்து பயந்து எடுத்தேன். எஞ்சின் ஏறவில்லை, இறங்கவில்லை. பாஸ் மழைக்குள் தலையை நீட்டிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு இறங்கி, பஸ் நிற்கிற பக்கம் போனார்.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள். பெண் பிள்ளை. இறுக்கிப் பிடித்திருந்த தகடு மகளின் உள்ளங்கையில் பதிந்த தடம் மாற சில நாள் எடுத்தது.

அதற்குப் பிறகு அவர் என்னை முழுக்க நம்பினார் என்று சொல்ல முடியாது. சந்தையில் என் மனைவியைத் தனியாகக் கண்டால், “தங்கச்சி, அந்தப் பூசாரி என் பேரக் கேட்டானா?” என்று விசாரிப்பாராம். “கேக்கலங்கண்ணே,” என்பாளாம். அடுத்த சந்தையில் மறுபடியும் அதே கேள்வி.

பிள்ளைக்குப் பேர் வைத்த பிறகு ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் லயத்துக்கு வந்தார். யார் வீட்டுக்கும் அவர் போய் நான் கண்டதில்லை. வாசலிலே நின்று என் காரின் ஹோஸ்களைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்தார். கராஜை மூடப் போவதாகச் சொன்னார். இரத்தினபுரிப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போகிறாராம். எந்த ஊர் என்று கேட்டேன். “ஏன் கேக்கிற?” என்றார்.

மனைவி இரண்டு கிளாஸில் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். குடிக்க மாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். வைக்காமல் இருக்கவும் முடியாது. அவருக்கு என்று சீனியை அள்ளிப் போட்டிருந்தாள். எனக்குச் சீனி வியாதி, என்னுடையதில் ஒன்றும் கிடையாது.

பாஸ் தன் கிளாஸை எடுத்தார். டீசலை முகர்கிற மாதிரி முகர்ந்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிறகு அதை என் பக்கம் நகர்த்திவிட்டு, என் கிளாஸை எடுத்துக்கொண்டார்.

மனைவி வாயைத் திறந்தாள். நான் கண்ணால் வேண்டாம் என்றேன்.

அவர் ஒரு மிடறு குடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தார். நானும் குடித்தேன், பாகு மாதிரி இனித்தது. சீனி இல்லாத அந்தக் கறுத்த தேத்தண்ணியை அவர் அடி மண்டி வரைக்கும் மெதுவாகக் குடித்து முடித்து, கிளாஸை என் மனைவி கையிலேயே கொடுத்தார்.

“நல்லா இருந்துச்சு தங்கச்சி,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தேன். மாற்றிவிட்டார்.

தை மாதம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எழுதி முடித்தேன்.